பெட்டிக்குள் ஒரு படிப்பு, பெட்டிக்கு வெளியே ஒரு படிப்பு: கணினி அறிவியலா, கணினிப் பொறியியலா?

பிளஸ் டூ முடிவுகள் வெளியான வாரத்தில் நண்பர் ஒருவர் தன் மகளுடன் வீட்டுக்கு வந்திருந்தார். அவள் கையில் ஒரு நோட்டு. அதில் வரிசையாகப் பதினொரு படிப்புகளின் பெயர்கள். ஏறக்குறைய எல்லாவற்றிலும் ‘கம்ப்யூட்டர்’ என்ற சொல் எங்காவது ஒட்டிக்கொண்டிருந்தது. “கம்ப்யூட்டர் சயின்ஸுக்கும் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங்குக்கும் என்ன வித்தியாசம் மாமா? ஒருவர் இரண்டும் ஒன்றுதான் என்கிறார். இன்னொருவர் ஒன்று சாஃப்ட்வேர், ஒன்று ஹார்டுவேர் என்கிறார்” என்று கேட்டாள்.

இரண்டு பதிலும் முழுப் பொய்யல்ல, இரண்டும் உதவாது. அதனால் மூவரும் தெருமுனை டீக்கடைக்குப் போனோம். மூன்று டீ, 45 ரூபாய். நண்பர் கைப்பேசியில் கியூஆர் கோடைப் படம்பிடித்துப் பணம் அனுப்பினார். பாய்லருக்குப் பக்கத்தில் இருந்த சிறிய பெட்டி, “நாற்பத்து ஐந்து ரூபாய் பெறப்பட்டது” என்று அறிவித்தது. கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

யுபிஐ 2016இல் வந்தது. இந்த ஒலிப்பெட்டி அதற்குச் சில ஆண்டுகள் பின்னால் வந்து இன்று பூக்கடை வரை உட்கார்ந்திருக்கிறது. உள்ளே பெரிதாக ஒன்றுமில்லை: ஒரு சிறு சிப், ஒரு சிம் கார்டு, செல்போன் கோபுரத்தோடு பேசும் மோடம், ஸ்பீக்கர், பேட்டரி. ஆனால் அவள் கேட்ட கேள்விக்கான பதில் முழுவதும் அதற்குள் இருக்கிறது.

முதலில் அந்தக் குரலை எடுத்துக்கொள்வோம். ஒரு ரூபாயிலிருந்து 99,999 ரூபாய் வரை எந்தத் தொகை வந்தாலும் பெட்டி தமிழில் சொல்ல வேண்டும். ஒவ்வொரு தொகைக்கும் ஒரு ஒலிப்பதிவு வைத்தால் என்ன ஆகும்? ஒலியின் அளவை நொடிக்கு 8,000 முறை குறித்துக்கொள்வது (ஒவ்வொன்றும் ஒரு மாதிரி), மாதிரிக்கு இரண்டு பைட் என்ற எளிய கணக்கில் ஒரு நொடிப் பேச்சுக்கு 16,000 பைட் இடம் வேண்டும். ஒரு தொகையைச் சொல்ல இரண்டு நொடி என்றால், லட்சத்துக்கு ஒன்று குறைவான பதிவுகளுக்கு ஏறத்தாழ 3.2 ஜிபி. ஒரு மலிவுப் பெட்டிக்கு இது கட்டுப்படியாகாது.

வேறு வழி, எண்களை உடைப்பது. ஒன்று முதல் பத்தொன்பது வரை தனித்தனித் துண்டுகள். பிறகு இருபது, முப்பது, நாற்பது என்று தொண்ணூறு வரை. இங்கே தமிழ் ஒரு சிக்கல் வைக்கிறது. தனியாக வந்தால் ‘நாற்பது’. பின்னால் ஐந்து வந்தால் ‘நாற்பத்து’. நூறு தனியாக நின்றால் ‘நூறு’, இருபது தொடர்ந்தால் ‘நூற்று’. ஆயிரம், ‘ஆயிரத்து’ ஆகும். எனவே பத்துகளுக்கும் நூறுகளுக்கும் ஆயிரத்துக்கும் இரண்டிரண்டு வடிவங்கள் வேண்டும். எண்ணிப் பார்த்தால் பத்தொன்பது வரை 19, பத்துகளுக்கு 8, 8, நூறுகளுக்கு 9, 9, ஆயிரத்துக்கு 2. அதோடு ‘ரூபாய்’, ‘பெறப்பட்டது’. மொத்தம் 57 துண்டுகள். ஒவ்வொன்றும் ஒரு நொடி என்று தாராளமாக வைத்தாலும் ஒரு எம்பிக்குள் அடங்கிவிடும். (‘இரண்டாயிரம்’ என்பதை ‘இரண்டு ஆயிரம்’ என்று பெட்டி கொஞ்சம் கொச்சையாகச் சொல்லும். தமிழாசிரியர் மன்னிக்க வேண்டும்.)

3.2 ஜிபியை ஒரு எம்பியாகச் சுருக்கியது எந்தக் கருவியும் அல்ல. ஒரு சிக்கலைச் சிறு துண்டுகளாக்கி, துண்டுகளைக் கோக்கும் விதியை எழுதிய யோசனை அது. அந்த விதியைத் தாளில் எழுதிப் பார்க்கக் கணினியே தேவையில்லை. கணினி அறிவியலின் நெஞ்சு இதுதான்: ஒரு வேலையை எந்தப் படிகளில் செய்வது, எத்தனை படிகள் பிடிக்கும், எவ்வளவு இடம் பிடிக்கும், இதைவிடக் குறைவாக முடியுமா, முடியாது என்றால் அதை நிரூபிக்க முடியுமா.

பெட்டிக்கு வெளியிலும் இதே வகை வேலை நடக்கிறது. நாடு முழுவதும் லட்சக்கணக்கான பெட்டிகள் சர்வர் என்ற மையக் கணினியோடு பேசிக்கொண்டிருக்கின்றன. பணம் வந்த செய்தியைச் சர்வர் அனுப்புகிறது. ‘கிடைத்தது’ என்று பெட்டி பதில் சொல்கிறது. அந்தப் பதில் வழியில் தொலைந்துபோனால்? சர்வர் மறுபடி அனுப்பும். பெட்டி 45 ரூபாயை இரண்டு முறை அறிவிக்கும். கடைக்காரர் இரண்டு பேர் பணம் கொடுத்ததாக நினைப்பார். ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் தனி எண் கொடுத்து, ஏற்கெனவே சொன்னதைச் சொல்லாமல் விட வைப்பது எப்படி என்பது கணினி அறிவியலில் பல ஆய்வுக் கட்டுரைகளுக்குத் தீனி போட்ட கேள்வி.

இப்போது பெட்டியைத் திருப்பிப் போடுங்கள். 2ஜி மோடம் செய்தி அனுப்பும் கணத்தில் இரண்டு ஆம்பியர் வரை மின்சாரத்தை இழுக்கும். பேட்டரி பழையதாக இருந்தால் அந்தக் கணத்தில் மின்னழுத்தம் சரியும். சிப் மயங்கி விழுந்து மறுபடி முதலிலிருந்து எழும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ‘பெட்டி அடிக்கடி ஆஃப் ஆகிறது’ என்பது மட்டும் தெரியும். நிரலை எத்தனை முறை படித்தாலும் பிழை கிடைக்காது, ஏனென்றால் நிரலில் பிழை இல்லை. மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் கோடாக வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப்பைப் பொருத்தி, அந்தச் சரிவைத் திரையில் கண்ணால் பார்த்து, மோடத்துக்குப் பக்கத்தில் மின்சாரத்தைச் சேர்த்துவைத்துக் கொடுக்கும் பெரிய கெப்பாசிட்டர் ஒன்றை வைக்க வேண்டும். பாய்லர் சூட்டில் சிப் தாங்குமா, ஆண்டெனாவை எந்த மூலையில் வைப்பது, ஸ்பீக்கருக்கு எவ்வளவு ஆம்ப்ளிஃபையர், சிப்பில் ஓடும் சிறு நிரல் பேட்டரியை மிச்சம் பிடிக்க எப்போது தூங்குவது, எப்போது விழிப்பது: இவையெல்லாம் கணினிப் பொறியியல். இயற்பியல் குறுக்கே வந்து நிற்கும் இடத்தில் கணினியைக் கட்டி எழுப்பும் வேலை.

‘ஒன்று சாஃப்ட்வேர், ஒன்று ஹார்டுவேர்’ என்ற பதில் ஏன் போதாது என்பது இங்கே தெரியும். கணினிப் பொறியாளரும் நாள் முழுவதும் நிரல் எழுதுகிறார். ஆனால் அவர் நிரலுக்கு அடியில் மின்சாரம் ஓடுவதை மறக்க முடியாது. கணினி அறிவியலாளர் பெரும்பாலும் அதை மறந்துவிடலாம். மறக்க முடிவதுதான் அவருடைய பலம்.

இந்தப் பிரிவு இயந்திரங்களைவிடப் பழையது. 1936இல் ஆங்கிலேயக் கணித அறிஞர் ஆலன் டூரிங், எந்தக் கணக்குகளை இயந்திரத்தனமான படிகளால் தீர்க்க முடியும், எவற்றை எப்போதுமே முடியாது என்று ஒரு கற்பனை இயந்திரத்தை வைத்துக் கணித நிரூபணம் எழுதினார். இன்று நாம் கணினி என்று அழைக்கும் கருவி அப்போது இல்லை. அடுத்த ஆண்டு, அமெரிக்காவின் எம்ஐடியில் 21 வயது மாணவர் கிளாட் ஷானன், தொலைபேசி நிலையங்களில் இருந்த, மின்சாரத்தால் திறந்து மூடும் ரிலே சுவிட்சுகளைக் கொண்டு தர்க்கக் கணிதத்தையே செய்ய முடியும் என்று தன் முதுநிலை ஆய்வேட்டில் காட்டினார். ஒருவர் தாளில், ஒருவர் சுவிட்சில். பல்கலைக்கழகங்கள் பெயர் வைக்கப் பின்னும் கால் நூற்றாண்டு ஆனது. அமெரிக்காவில் பர்டியூ பல்கலைக்கழகம் 1962இல் கணினி அறிவியலுக்குத் தனித் துறை தொடங்கியது. கணினிப் பொறியியல் என்ற பெயரில் ஒரு பட்டப்படிப்புக்கு அங்கே முதன்முதலில் அங்கீகாரம் கிடைத்தது 1971இல், கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தில். இன்டெல்லின் 4004 என்ற முதல் வணிக மைக்ரோபிராசசர் வெளியானதும் அதே ஆண்டில்தான். அறை முழுக்க நின்ற கணினி விரல் நுனிக்கு வந்த பிறகு, அதை வேறு பெட்டிகளுக்குள் வைக்கத் தெரிந்த ஆட்கள் தேவைப்பட்டார்கள்.

இந்த வித்தியாசத்தைத் துப்புரவாகப் பார்க்க வேண்டுமென்றால் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைப் பார்க்கலாம். அங்கே கணினி அறிவியல், கணிதப் புலத்துக்குள் இருக்கிறது. கணினிப் பொறியியல், பொறியியல் புலத்தில். எந்த வீட்டில் பிறந்தது என்பது முகவரியிலேயே எழுதியிருக்கிறது. ஈழத்திலும் அப்படித்தான்: யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கணினி அறிவியல் துறை யாழ்ப்பாணத்தில் விஞ்ஞான பீடத்தின் கீழ் இருக்கிறது, கணினிப் பொறியியல் துறை கிளிநொச்சி அறிவியல் நகரில், பொறியியல் பீடத்தின் கீழ்.

தமிழ்நாட்டில்தான் குழப்பம். இங்கே இளநிலையில் எல்லோரும் துரத்தும் படிப்பின் பெயர் கம்ப்யூட்டர் சயின்ஸ் அண்ட் இன்ஜினியரிங், அதாவது சி.எஸ்.இ. இரண்டு சொற்களையும் ஒரே பெயருக்குள் போட்டுவிட்டார்கள். பெயரில் பொறியியல் இருந்தாலும் உள்ளே பெரும்பகுதி கணினி அறிவியல்தான். வெளிநாட்டில் கணினிப் பொறியியல் என்று அழைக்கப்படும் படிப்புக்கு இங்கே நேரான இணை அரிது. பாலிடெக்னிக் டிப்ளமோவில் அந்தப் பெயரைப் பார்க்கலாம். பட்டப்படிப்பில் அதன் பாதி சி.எஸ்.இ.யில் கிடக்கிறது, மீதி இ.சி.இ. என்ற எலெக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷனில் கிடக்கிறது. ஆக, கவுன்சலிங்கில் உட்காரும் மாணவருக்கு இந்தக் கேள்வி நடைமுறையில் ‘சி.எஸ்.இ.யா, இ.சி.இ.யா’ என்று மாறிவிடுகிறது.

பாடங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில், சி.எஸ்.இ. மாணவர் லாஜிக் கேட் என்ற அடிப்படைத் தர்க்கச் சுற்றுகளையும் பிராசசரின் உள்ளமைப்பையும் சேர்த்து ஒரே பாடமாக ஒரு பருவத்தில் படித்துக் கடந்துவிடுகிறார். டேட்டா ஸ்டிரக்சர், அல்காரிதம் (ஒரு வேலையைச் செய்யும் படிகளின் வரிசை), ஆப்பரேட்டிங் சிஸ்டம், டேட்டாபேஸ், கம்பைலர் என்று மேலே மேலே போகிறார். இ.சி.இ. மாணவர் தலைகீழ்: டிரான்சிஸ்டர், சர்க்யூட், சிக்னல்கள், மின்காந்தப் புலம், சிப் வடிவமைப்பு என்று அடியிலேயே ஆண்டுக்கணக்கில் இருக்கிறார். சி நிரலாக்கமும் டேட்டா ஸ்டிரக்சரும் அவருக்கு ஒரே பாடத்தில் முடிந்துவிடும்.

கணிதமும் பிரிகிறது, இதைப் பலர் கவனிப்பதில்லை. சி.எஸ்.இ.க்கு வரும் டிஸ்கிரீட் மேத்தமேட்டிக்ஸ் பள்ளிக் கணிதத்தின் தொடர்ச்சி போலவே இருக்காது. தர்க்கம், எண்ணும் முறைகள், புள்ளிகளையும் கோடுகளையும் இணைக்கும் கிராஃப். நுண்கணிதத்தில் சதமடித்தவர்கள் இங்கே முதல் தேர்வில் திகைத்து நிற்பதுண்டு. இ.சி.இ. கணிதம் பள்ளியின் பிளஸ் டூ இயற்பியலோடு கைகோத்து வரும்: அலைகள், வகைக்கெழுச் சமன்பாடுகள், நிகழ்தகவு. இயற்பியலை மனப்பாடம் செய்து கரையேறியவருக்கு இ.சி.இ.யின் இரண்டாம் ஆண்டு கொடிய ஆண்டு. இதை நான் மென்மையாகச் சொல்ல விரும்பவில்லை.

பெயர்ப்பலகையை நம்பி முடிவெடுக்கக் கூடாது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு சென்னையிலேயே இருக்கிறது. ‘சக்தி’ என்ற இந்திய பிராசசர் உருவானது சென்னை ஐஐடியில். சிப் என்றவுடன் எலெக்ட்ரானிக்ஸ் துறை என்றுதான் தோன்றும். அந்தத் திட்டத்தை நடத்தியது கம்ப்யூட்டர் சயின்ஸ் துறை. முன்னின்று நடத்திய காமகோடி அந்தத் துறைப் பேராசிரியர். பிராசசரின் கட்டமைப்பு இரண்டு படிப்புகளுக்கும் பொதுவான எல்லைச் சுவர். எந்தப் பக்கத்திலிருந்தும் ஏறலாம்.

பி.இ., பி.டெக். வேறுபாட்டைப் பற்றிக் கவலையே வேண்டாம். அண்ணா பல்கலைக்கழகத்தில் சி.எஸ்.இ.க்கு பி.இ. பட்டம், ஐ.டி.க்கு பி.டெக். பட்டம், ஐஐடியில் இளநிலைப் பொறியியலுக்கு பி.டெக். எந்த வேலையும் அதை வைத்துக் கிடைப்பதோ போவதோ இல்லை. கலை அறிவியல் கல்லூரியின் மூன்றாண்டு பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸையும் தாழ்த்திப் பார்க்கத் தேவையில்லை. அதற்குமேல் எம்.சி.ஏ. இப்போது இரண்டே ஆண்டுகள். கட்டணமும் பெரும்பாலும் குறைவு. ஒரு சுமாரான பொறியியல் கல்லூரிக்குக் கடன் வாங்கிப் பணம் கட்டுவதைவிட, நல்ல கலைக் கல்லூரி பி.எஸ்சி. மேல் என்பது என் கட்சி. உறவினர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

செயற்கை நுண்ணறிவு, சைபர் செக்யூரிட்டி என்று அடைமொழி சேர்த்து வரும் படிப்புகள் அவள் நோட்டில் ஐந்து இருந்தன. அடைமொழி இல்லாத சி.எஸ்.இ. அதே கல்லூரியில் கிடைத்தால் அதை எடுப்பேன். பதினேழு வயதில் ஒரு சிறு கிளையில் ஏறி உட்கார வேண்டிய அவசியம் என்ன? அடிமரம் தெரிந்தவர் எந்தக் கிளைக்கும் போகலாம்.

வேலை? நண்பர் அதுவரை இந்தக் கேள்விக்காகத்தான் பொறுமையாக இருந்தார். உண்மை என்னவென்றால், கல்லூரிக்கு வந்து மொத்தமாக ஆள் எடுக்கும் பெரிய மென்பொருள் நிறுவனங்கள் பெரும்பாலும் துறையைப் பார்ப்பதில்லை. சிவில் படித்தவர்களும் மெக்கானிக்கல் படித்தவர்களும் அங்கே நிரல் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அந்த வேலைதான் இலக்கு என்றால் இந்தக் கட்டுரையை இவ்வளவு நீளம் படித்திருக்கவே வேண்டாம். துறை பார்க்கப்படும் இடங்கள் இரண்டு ஓரங்களில் இருக்கின்றன. ஒரு ஓரத்தில் அல்காரிதத்தைத் துருவித் துருவிக் கேட்கும் மென்பொருள் நிறுவனங்கள். மறு ஓரத்தில் சிப் வடிவமைப்பு, வாகன மின்னணுவியல், மருத்துவக் கருவிகள். சிப் வடிவமைப்பு இந்தியாவுக்குப் புதிதல்ல. அமெரிக்க சிப் நிறுவனமான டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1985இலேயே பெங்களூருவுக்கு வந்துவிட்டது. ஒன்றிய அரசு 2021 டிசம்பரில் 76,000 கோடி ரூபாய்க்குச் செமிகண்டக்டர், அதாவது சிப் தயாரிப்புத் திட்டம் அறிவித்ததிலிருந்து இ.சி.இ.க்கு மறுபடி மவுசு கூடியிருக்கிறது. அரசு திட்டம் அறிவிப்பது ஒன்று, உங்கள் பிள்ளைக்கு நான்கு ஆண்டு கழித்து வேலை கிடைப்பது வேறொன்று என்று நண்பரிடம் சொல்லிவைத்தேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டும் சமமல்ல. இ.சி.இ. படித்தவர் மென்பொருளுக்குத் தாவுவது எளிது: மடிக்கணினியும் பிடிவாதமும் போதும். சி.எஸ்.இ. படித்தவர் பின்னாளில் சர்க்யூட் பக்கம் போவது கடினம். ஆய்வுக்கூடமும் கருவிகளும் வீட்டில் கிடைக்காது. இதைக் கேட்டுவிட்டு ‘அப்படியானால் எல்லோரும் இ.சி.இ. எடுக்கலாமே’ என்று பாய வேண்டாம். பிடிக்காத பாடத்தை நான்கு ஆண்டு சுமந்துவிட்டு, பிடித்ததை இரவில் தனியாகப் படிப்பது எளிய வாழ்க்கையல்ல. நான் செய்தது அதைத்தான்.

டீக்கடையிலிருந்து திரும்பும்போது அவளுக்கு இரண்டு சோதனைகள் சொன்னேன். இரண்டுக்கும் ஒரு வார இறுதி போதும்.

முதல் சோதனைக்குக் கைப்பேசியே போதும். பைத்தான் நிரல் ஓட்டும் இலவசத் தளம் ஒன்றைத் திறந்து, ‘தமிழ்’ என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்று கேட்க வேண்டும். நமக்கு மூன்று. கணினி ஐந்து என்று சொல்லும். த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என்று, எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் பொது முறையான யூனிகோடு அதைத் தனித்தனியாக எண்ணுகிறது. பிறகு அந்தச் சொல்லைத் தலைகீழாக்கச் சொல்ல வேண்டும். ‘ழ்மித’ வர வேண்டிய இடத்தில், புள்ளி அநாதையாக முன்னால் வந்து நிற்கும். மகரத்தின் இகரக் கொக்கி ழகரத்துக்குத் தாவியிருக்கும். இதைச் சரிசெய்யும் விதியை எழுத வேண்டும்.

இரண்டாவதற்குச் சில நூறு ரூபாய் செலவாகும். ஓர் ஆர்டுயினோ ஊனோ போர்டு (நிரல் ஏற்றிப் பழகும் சிறு சிப் பலகை), ஒரு பொத்தான், ஒரு எல்இடி. பொத்தானை எத்தனை முறை அழுத்தினோம் என்று எண்ணும் நிரல். ஒரு முறை அழுத்தினால் சில நேரம் மூன்று என்றும் நான்கு என்றும் எண்ணும். நிரல் சரிதான். பொத்தானுக்குள் இருக்கும் உலோகத் தகடுகள் மோதும்போது சில மில்லி வினாடிகள் துள்ளுகின்றன. 16 மெகாஹெர்ட்ஸில் ஓடும் அந்தச் சிப் ஒரு மில்லி வினாடிக்குள் 16,000 கட்டளைகள் வரை முடித்துவிடும் என்பதால், ஒவ்வொரு துள்ளலையும் தனி அழுத்தமாக நினைத்துக்கொள்கிறது. இதைத் தீர்க்க வேண்டும், நிரலாலோ கெப்பாசிட்டராலோ.

எதைச் செய்து முடித்தாள் என்பது முக்கியமில்லை. எதில் மாட்டிக்கொண்டபோது சாப்பிடக் கூப்பிட்டும் எழுந்து வரவில்லை என்று பார்க்கச் சொன்னேன், அவளிடமல்ல, அவள் அம்மாவிடம்.

பத்து நாள் கழித்து நண்பர் போன் செய்தார். தமிழ்ச் சொல்லை மதியத்துக்குள் சரிசெய்துவிட்டாளாம். பொத்தான் மூன்று நாளாகத் தகராறு செய்துகொண்டிருக்கிறதாம். ஹாலில் சோபா முழுக்க ஒயர். “ஆசிலோஸ்கோப் என்ன விலை இருக்கும்?” என்று கேட்டார். கல்லூரி ஆய்வுக்கூடத்தில் இருக்கும், விருப்பப் பட்டியல் பதிவு செய்வதற்கு முன்னால் இரண்டு கல்லூரிகளுக்கு நேரில் போய் அது ஓடுகிறதா, உறை போட்டு மூடி வைத்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு வாருங்கள் என்றேன்.